கட்சால் நேரப்படி மூன்று மணி

முன்பின் தெரியாத ஒரு பெரியவரிடம் போய், "சார், உங்க வாட்ச் அம்பது நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது" என்று சொன்ன ஆள் நான். சொல்லும்போது எனக்குப் பதின்மூன்று வயது. என்னிடம் கடிகாரம் கிடையாது. சூரியன் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார், கொஞ்சம் குலுக்கினார், மறுபடியும் கேட்டார். "அப்படியா தம்பி?" என்றார். அவர் அதைத் திருத்தி வைத்துக்கொண்டாரா, அதனால் எந்த ரயிலைத் தவறவிட்டார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சில நாள் குளிக்கும்போது அவர் முகம் ஞாபகம் வந்து, தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு நிற்பேன்.

நான் வளர்ந்தது நிக்கோபாரில், கட்சால் தீவில். அப்பா அரசாங்க ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இலங்கையின் மலைத் தோட்டத்தில் பிறந்தவரை, "நீ இந்தியன், உன் நாட்டுக்குப் போ" என்று அனுப்பியபோது அவருக்கு இருபத்து நான்கு வயது. தன் நாட்டை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை. மண்டபம் முகாமில் பெயர் கூப்பிட்டு ஊர் பிரித்தார்கள். அப்பாவின் அக்காவுக்குக் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம் விழுந்தது. அப்பாவுக்கு கட்சால். ராமேஸ்வரத்தை ஒட்டி ஏதோ ஒரு தீவு போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எண்ணிக்கொண்டு தலையாட்டியிருக்கிறார். கப்பல் ஏறி மூன்றாம் நாள்தான், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டாராம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டுவிட்டுக் கடல் நடுவில் விசாரிப்பது எங்கள் குடும்ப வழக்கம்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அவர் தன் அக்காவைப் பார்க்கவில்லை. கடிதம் உண்டு. ஒரு கடிதம் போய் பதில் வருவதற்குள் வீட்டில் இருந்த பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிடும்.

என் பெருமைக்கு வருகிறேன். எனக்கு வெயிலைப் பார்த்து மணி சொல்லத் தெரியும். தோராயமாக அல்ல. பள்ளிக்கூட முற்றத்தில் கொடிக்கம்பத்தின் நிழலைப் பார்த்து "ரெண்டு பத்து" என்று சொன்னேன் என்றால், ஆபீஸ் ரூம் கடிகாரத்தில் ரெண்டு எட்டோ ரெண்டு பன்னிரண்டோ இருக்கும். பையன்கள் என்னைக் "கடியாரம்" என்றுதான் கூப்பிட்டார்கள். நாளடைவில் ஆபீஸ் ரூம் கடிகாரம் நின்றுபோனால் பியூன் என்னிடம் வந்து கேட்டுவிட்டு அதைத் திருப்பிவைக்க ஆரம்பித்தார். இந்த அளவுக்கு மரியாதை ஒரு மனிதனுக்குப் பதின்மூன்று வயதில் கிடைக்கக் கூடாது.

எட்டாம் வகுப்பில் மெட்ராஸுக்குக் கல்விச் சுற்றுலா என்று அறிவிப்பு வந்தது. தீவில் யாரும் மெட்ராஸ், கல்கத்தா என்று பிரித்துச் சொல்வதில்லை, எல்லாமே "மெயின்லேண்ட்"தான். அமெரிக்கா போகிறவன் அமெரிக்கா என்று சொல்கிற அதே குரலில் மெயின்லேண்ட் என்போம். தமிழ்ப் பிரிவில் இருந்து பத்துப் பேர், இந்திப் பிரிவில் இருந்து பத்துப் பேர். கூட்டிப் போகிறவர் எங்கள் புவியியல் சார்.

தீவில் ஒருவன் மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினால் அவன் மனிதன் இல்லை, தபால் பை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். என் விஷயத்தில் அப்பா முந்திக்கொண்டார். அக்காவுக்குக் கடிதம் எழுதினார்: பையன் மெட்ராஸ் வருகிறான், இன்ன தேதி பகலில் மியூசியத்தில் இருப்பார்கள், மூன்று மணிக்கு வாசலில் பார்க்கலாம். அதிர்ஷ்டம், அத்தையின் தோட்டத்துப் பெண்கள் அந்த மாதம் சிவப்புச் சேலை கட்டி, விரதமிருந்து, பஸ் பிடித்துக் கோயில் யாத்திரை போகிறார்கள். அன்றைக்கு மெட்ராஸ் வழியாகத்தான் திருப்பதி போகிறார்கள். டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி மியூசியம் பக்கம் வண்டியைத் திருப்பச் சொல்லியிருப்பதாக அத்தை பதில் எழுதியிருந்தாள். மூன்றரை வரை நிறுத்துவான், அதற்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க மாட்டான், பொல்லாத ஆள்.

அப்பா ஒரு மாவு சாக்கு நிறையக் கருவாடு கட்டினார். சாக்கின் வாயைக் கோணி ஊசியால் தைத்து, மேலே நீல மையில் அத்தை பெயரை எழுதினார். அதன் கீழே, எந்த அவசியமும் இல்லாமல், தன் பெயரையும் எழுதினார். பிறகு, போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் வாங்கிய தன் ஒரே கைக்கடிகாரத்தை ஆணியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எதுக்குப்பா? சூரியன் அங்கயும் இருக்குல்ல?" என்றேன்.

அப்பா யோசித்தார். "அதுவும் சரிதான்" என்று கடிகாரத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார். என் முட்டாள்தனம் தானாக முளைத்தது அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தீவுக்கப்பலில் போர்ட் பிளேர், அங்கிருந்து பெரிய கப்பலில் மெட்ராஸ். அந்த ஊருக்கு இப்போது பெயர் மாற்றிவிட்டார்கள். பஸ் கண்டக்டர்கள் இன்னும் மாற்றவில்லை. ஐந்தாறு நாள் பயணத்தில் பாதிப் பேர் வாந்தி எடுத்தோம், மீதிப் பேர் அதைப் பார்த்து எடுத்தோம். மெட்ராஸில் இறங்கிய மறுநாள் காலை ஆறு மணிக்கு சார் எழுப்பும்போது வெளியே கும்மிருட்டு. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்கு அப்பா பாதி மரங்களில் பால் வெட்டி முடித்திருப்பார். "சோம்பேறி ஊர்டா" என்றேன் நான். சூரியனையே லேட்டாக எழுப்புகிறார்கள் என்று பேசிச் சிரித்தோம். சிரித்ததோடு சரி. யோசிக்கவில்லை.

மியூசியம் வாசலில் காவலாளி என்னை நிறுத்தினார்.

"இன்னாடா மூட்டை அது?"

"கருவாடு."

"கருவாடா! உள்ள ஆயிரம் வருசத்து சாமியெல்லாம் கீதுடா. அத்த எடுத்துக்கினு எங்கடா போறே?"

சார் குறுக்கே வந்து, பையன்கள் தீவிலிருந்து வருகிறார்கள், அத்தைக்குக் கொடுக்க வேண்டியது என்று எடுத்துச் சொன்னார். காவலாளி இளகி, மூட்டையைத் தன் ஸ்டூலுக்குப் பத்தடி தள்ளி ஒரு மரத்தடியில் வைக்க அனுமதித்தார். வைத்த கால் மணி நேரத்தில் மெட்ராஸில் உள்ள காக்கைகளுக்கெல்லாம் தகவல் போய்விட்டது. "யாராச்சும் ஒர்த்தன் குந்திக்கினு வெரட்டுங்கடா, எனக்கு வேற வேல கீது" என்று அவர் கத்த, பையன்கள் முறை வைத்து உட்கார்ந்தோம். புராதனக் கலைகளைக் காணக் கடல் கடந்து வந்த மாணவர்களில் ஒருவன் எப்போதும் வாசலில் காக்கை ஓட்டிக்கொண்டிருந்தான்.

உள்ளே முதலில் கல் சிலைகள். கப்பலை விட்டு இறங்கிய பிறகும் தரை ஆடிக்கொண்டிருந்ததால், எனக்கு எல்லாச் சிலையும் லேசாக அசைந்தன. பாதிக்கு மூக்கு இல்லை. சில சிலைகளுக்குத் தலையே இல்லை. அவற்றின் முன்னால்தான் சார் அதிக நேரம் நின்றார். "உடைஞ்சதப் பாக்காதீங்கடா, மிச்சம் இருக்கறதப் பாருங்க" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். மணி பத்தேகால் என்றது வெயில். சார் தன் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு ஆச்சு, ஜல்தி ஜல்தி" என்றார். அவசரத்தில் கூட்டிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டரை ஆச்சு என்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது என் கணக்கில் பன்னிரண்டுகூட ஆகவில்லை. சாருக்குப் பசி, பாவம்.

சாப்பாட்டுக்கு முன் ஒரு கூடத்தில் எங்கள் தீவுகளே இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஈட்டி, சிறு படகு, இரண்டிரண்டாகக் கயிற்றில் கோத்த தேங்காய்ச் சிரட்டைக் குடுவைகள். சாமுவேல் அதற்கு முன்னால் நின்றுவிட்டான்.

சாமுவேல் இந்திப் பிரிவுப் பையன், நிக்கோபாரி. அவன் ஊர் எங்கள் தோட்டத்துக்கு அடுத்த கடற்கரை. அவனுக்குத் தமிழில் "சாப்பிடு", "வா", "போடா" மூன்றும் நன்றாக வரும். மற்றதெல்லாம் புரியும், வாய்க்கு வராது. நாங்கள் இந்தியில்தான் பேசிக்கொள்வோம். அந்தச் சிரட்டைகளில்தான் அவன் வீட்டில் தண்ணீர் மொண்டு வருவார்கள். கப்பல் ஏறுகிற அன்றைக்குக் காலையில்கூட அவன் இரண்டு நடை தூக்கியிருக்கிறான். அதைக் கண்ணாடிக்குள் வைத்து, விளக்குப் போட்டு, கீழே சீட்டு எழுதி வைத்திருந்தார்கள்.

"கயிறு தப்பா கட்டியிருக்காங்க" என்றான் இந்தியில்.

"விடுடா."

"இப்படிக் கட்டினா பாதி வழியில தண்ணி கொட்டிடும்."

யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றான். யாரிடம் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடிமேல் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, "நான் வெளியில உக்கார்றேன். காக்கா முறை இனிமே பூரா எனக்கு" என்று போய்விட்டான். எனக்கு நிம்மதி. கருவாட்டுக்கு நம்பகமான ஆள் கிடைத்துவிட்டது.

பிற்பகலில் சார் எங்களைப் வெண்கல அம்மன் சிலைகள் இருந்த கூடத்தில் உட்காரவைத்து, ஆளுக்கொரு சிலையை வரையச் சொன்னார். அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லாத இடத்தில் நான் குருடன். இரண்டு கோடு போட்டேன், எழுந்து தாழ்வாரத்துக்கு ஓடினேன், நிழலைப் பார்த்தேன், ஒன்று இருபது. திரும்பி வந்து கை வரைந்தேன். அம்மனின் கை தொங்குகிற அழகு என் தாளில் சுளுக்கு மாதிரி வந்தது. அழித்தேன். மறுபடியும் ஓடினேன். ஒன்று முப்பத்தைந்து.

மூன்றாவது ஓட்டத்தில் சார் என் காலரைப் பிடித்தார். "என்னடா, வயித்துல கடமுடாவா?"

"இல்ல சார், அத்தை வருவாங்க. மூணு மணிக்கு."

"அதான் காலையிலயே சொன்னியே. மூணுக்குள்ள எப்ப வேணா வாசலுக்குப் போய்க்கோ. உனக்குத்தான் மணி தெரியுமே, கடியாரம்!"

பையன்கள் சிரித்தார்கள். நான் பெருமையோடு உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே போய் நிற்கலாம், மனசு வரவில்லை. அத்தையை எனக்குத் தெரியாது. வீட்டில் இருந்த ஒரே போட்டோவில் அவள் கல்யாணப் பெண்ணாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷத்து அழுகையை மொத்தமாக என் தலையில் இறக்குவாள், கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுப்பாள், அதைப் பத்தொன்பது பையன்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள், அந்தக் கதை எனக்கு முன்னால் கட்சால் படகுத்துறையில் இறங்கிவிடும். ஆகவே என் திட்டம் இது: மூன்று அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது போவது, மூட்டையைக் கொடுப்பது, அப்பா கேட்டதாகச் சொல்வது, ஓடிவருவது. ஆனால் தவறவிட்டுவிட்டால் அப்பா முகத்தில் விழிக்க முடியாது. போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம். உட்கார முடியாமல், நிற்க முடியாமல், அம்மனுக்கும் நிழலுக்கும் நடுவில் அல்லாடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெரியவரைப் பார்த்தது அப்போதுதான். வெள்ளைச் சட்டையோடு தாழ்வாரத்தில் ஒரு கல் நந்தியின் அருகில் இளைப்பாறிக்கொண்டிருந்தார். ஒரு சந்தோஷத்துக்காக, என் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள, மணி கேட்டேன்.

"மூணேகால்" என்றார்.

நிழலைப் பார்த்தேன். இரண்டு இருபத்தைந்து. கொஞ்சமும் சந்தேகமில்லை. அவர் மேல் எனக்கு இரக்கமாக இருந்தது. இப்படி ஒரு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இந்த வயதில் தனியாகத் திரிகிறாரே என்று நினைத்துத்தான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அம்பது நிமிஷம் ஃபாஸ்ட். பிறகு நிம்மதியாக உள்ளே போய் அம்மனுக்கு இடது கையை வரைந்தேன். அரை மணி நேரம். வலது கையைவிட நன்றாகவே வந்தது.

என் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

மரத்தடியில் மூட்டை இல்லை. காக்கைகள் இல்லை. சாமுவேல் மட்டும் இருந்தான். அவன் நெற்றி நிறையத் திருநீறு, நடுவில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பாடுகிற பையன். மடியில் ஒரு பெரிய முறுக்குப் பொட்டலம், முக்கால்வாசி காலி. இரண்டு கன்னமும் ஈரமாகப் பளபளத்தன, அது அவனுடைய கண்ணீர் இல்லை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

"உன் அத்தை" என்றான். "வந்தாங்க. போய்ட்டாங்க."

ரோட்டுக்கு ஓடினேன். பஸ் இல்லை. பஸ் நின்ற இடத்தில் வேப்பிலைக் கொத்து ஒன்று கிடந்தது.

"நல்லா வந்தே போ" என்றார் காவலாளி. "அந்தம்மா மூணு மணிலேர்ந்து இங்கயே நிக்குது. டிரைவரு ஆரன் அடிக்கிறான், அடிக்கிறான், நிறுத்தவேயில்ல. பஸ்ஸு பூரா செகப்புச் சேலை, அல்லாரும் ஜன்னல்ல எட்டிப் பாக்கறாங்கோ. கடைசில அந்தம்மா மூட்டைல பேரப் படிச்சுது. அப்பால இந்தப் பையனப் பாத்துது. அவ்ளோதான். கட்டிப் புடிச்சுக்கினு ஒரே அழுவ. எனக்கே ஒரு மாரி ஆயிருச்சுப்பா."

நான் சாமுவேல் பக்கம் திரும்பினேன். "நீ 'அவன் நான் இல்ல'ன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படி?" என்றான். "அழறவங்ககிட்ட எப்படி 'நஹி' சொல்றது?"

அதற்குள் சார் வந்துவிட்டார். சங்கதி கேட்டார். தன் கடிகாரத்தைக் காட்டினார். மூன்று ஐம்பத்திரண்டு. நான் சூரியனைக் காட்டினேன். மூன்று. சார் என்னையும் பார்த்தார், சூரியனையும் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவுவதைப் பார்த்தேன். ஆசிரியருக்கு அப்படிப்பட்ட நிமிஷம் வாழ்க்கையில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது.

"ஒரு தீர்க்கரேகைக்கு எத்தனை நிமிஷம்டா?"

"நாலு நிமிஷம் சார்."

"கட்சாலுக்கும் மெட்ராஸுக்கும் எத்தனை டிகிரி?"

"பதிமூணு சார்."

"பெருக்கு."

பெருக்கினேன். ஐம்பத்திரண்டு: மெட்ராஸ் சூரியன் எங்கள் ஊர்ச் சூரியனுக்கு அத்தனை நிமிஷம் பின்னால். அரையாண்டுத் தேர்வில் இதே கேள்விக்குப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, பத்துக்குப் பத்து வாங்கியவன் நான். அதில் வருகிற பூமி நான் நிற்கிற பூமிதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சார் சொல்லியிருப்பார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

திரும்பி வருகிற கப்பலில் எனக்கு ஒரே வேலை, சாமுவேலை விசாரிப்பது. அத்தை உயரமா, குட்டையா? காதில் என்ன? பல் எத்தனை? என்ன சொன்னாள்? சாமுவேல் கடலைப் பார்த்தபடி நிதானமாக ஞாபகப்படுத்திச் சொல்வான். குட்டை. அப்பாவைவிடக் கறுப்பு. முன்பல் ஒன்று இல்லை. கையில் பச்சை குத்தியிருந்தாள். விரல் நுனியெல்லாம் கறை பிடித்து வெடித்திருந்தது. கன்னத்தைத் தடவியபோது உறுத்தியது. "ராசா, ராசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முறுக்கை உடைத்து ஊட்டினாள். ஊட்டிவிட்டு அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவுதான். நான் ஒரு வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். புவியியலை அப்படிப் படித்திருக்கலாம்.

வீட்டில் அப்பா என்னைத் துணிகூட மாற்ற விடவில்லை. "அக்கா எப்படிடா இருக்கா?"

ஒப்பித்தேன். முன்பல் இல்லை என்றதும் சிரித்தார். "அது அப்பவே ஆடிக்கிட்டிருந்துச்சு." விரல் நுனி பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஒன்னய என்னன்னு கூப்பிட்டா?" என்று கேட்டார்.

"ராசா."

"என்னையும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, வேலியில் ஏதோ சரிபார்க்க வேண்டும் என்று எழுந்து போனார். வேலியில் ஒன்றும் இல்லை. வெகு நேரம் அங்கேயே நின்றார். இந்த விளைவைப் பார்த்ததும் எனக்குக் குற்ற உணர்ச்சிக்குப் பதில் நடிகனின் திருப்தி வந்துவிட்டது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இரண்டு மாதம் கழித்து அத்தையின் கடிதம் வந்தது. கருவாடு வந்து சேர்ந்தது. திருப்பதி வரைக்கும் பஸ் நாறிற்று. விரதக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். டிரைவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி இறங்கிக்கொள்ளச் சொன்னான். பையன் அடக்கமான பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை, கொடுத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அச்சு அசல் தம்பி, உன் சாடை.

அப்பா அந்தக் கடைசி வரியைத் தோட்டத்தில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டினார். நான் கண்ணாடி எடுத்துப் பார்த்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் சாமுவேலைப் பார்த்தேன். அவன் அகலமான முகமும் என் ஒடுங்கிய முகமும் ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தைகூட வைத்துக்கொள்ளாதவை. ஆனால் தமிழர், நிக்கோபாரி, வங்காளி, ராஞ்சிக்காரர் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காரும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவனுக்கு, முகத்தைப் பார்த்து இவன் இன்னார் என்று பிரிக்கிற பழக்கம் மற்ற ஊர்களில் உண்டு என்பது தெரியாது. அத்தைக்குப் பார்வை மங்கல் என்று நான் முடிவு கட்டினேன். கூடவே எனக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. என் அத்தையின் ராசா வேறொருவன்.

அப்பா இருக்கும் வரை இதை நான் சொல்லவில்லை. சுனாமி வந்தது; நாங்கள் கட்சாலை விட்டுப் போர்ட் பிளேர் பக்கம் கராச்சர்மாவில் வீடு பார்த்துக்கொண்டோம்; அப்பாவும் அக்காவும் கடைசி வரை ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர் காரியம் முடிந்த மறு வருஷம், நாற்பது தாண்டிய வயதில், மனைவியோடு கூடலூருக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர் லயத்துக் கடைசி வீடு. அத்தைக்கு இப்போது பல்லே இல்லை. என்னைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டாள். சொன்னேன். உட்காரவைத்து முறுக்கு கொண்டுவந்து வைத்தாள்.

காபி வருவதற்குள் மொத்தத்தையும் சொல்லிவிட்டேன். வெயில், நிழல், பெரியவரின் கடிகாரம், சாமுவேல், கப்பல் விசாரணை, எல்லாம். முப்பது வருஷப் பாவத்தை இறக்கிவைக்கிறவன் குரலில் சொன்னேன். முடித்துவிட்டு, அவள் அழுவாளோ திட்டுவாளோ என்று காத்திருந்தேன்.

"இதச் சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தே?" என்றாள் அத்தை. "எனக்கு அன்னைக்கே தெரியுமே."

"தெரியுமா?"

"ஏன்டா, எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? எங்க வம்சத்துல அப்படி ஒரு முகம் ஏது? அம்பது பொம்பளைங்க எனக்காக வண்டிய நிறுத்திட்டு ஜன்னல்ல பாத்துக்கிட்டு இருக்காளுக. பதினாறு வருசமா தம்பி தம்பின்னு அவளுககிட்ட பேசித் தீத்திருக்கேன். யாரையாச்சும் கட்டிப் புடிச்சு அழுகாம எப்படி ஏறுறது வண்டியில?"

"அப்பாவுக்கு அச்சு அசல் உன் சாடைன்னு எழுதினீங்களே அத்தை?"

"வேற என்னான்னு எழுதச் சொல்றே? ஒம் மகனப் பாக்கல, வேற எவனோ புள்ளயக் கொஞ்சிட்டு வந்தேன்னு எழுதினா, ஒங்கப்பன் அங்கன கடல்ல விழுந்திருப்பான்."

மனைவி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தாள். தட்டில் முறுக்கு அப்படியே இருந்தது. அத்தை அதை ஒரு தடவை பார்த்தாள், என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அது கெடக்கட்டும்" என்றாள். "அந்தப் புள்ள நல்லாருக்கானா? வர்றதுதான் வந்தே, அவனக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"